இடது கைக்கு ஒரு பிடி

தொழிற்சாலையில் அவளுக்கு டக்கு அக்கா என்று பேர். அங்கே தயாராவது சுவர் சுவிட்சுகள். பெல்ட்டில் வரும் சுவிட்சை எடுத்து மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும். 'டக்' என்று சுத்தமாகக் கேட்டால் நீலத் தட்டு, அமுங்கிக் கேட்டால் சிவப்புத் தட்டு. அவ்வளவுதான் வேலை. பிறவியிலேயே இடக்கைக்காரி என்றாலும், பெல்ட் ஓடும் திசைக்கு வலது கைதான் தோது என்று வலது கையாலேயே அழுத்திப் பழகிவிட்டாள். இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்களை ஒரு நாள் அந்த ஸ்டூலில் உட்கார வைக்க வேண்டும், அப்போது தெரியும் சேதி.

தம்பி விழுந்தபோதும் அவள் அந்த ஸ்டூலில்தான் இருந்தாள். தம்பி வாடகை வேன் ஓட்டுகிறவன். ஸ்டாண்டில் அவனுக்குப் பட்டப்பெயர் ஸ்டியரிங். பேசிக்கொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தவன் கையிலிருந்து கிளாஸ் நழுவியதாம், பின்னாலேயே ஆளும் சரிந்தானாம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. உயிர் தப்பியது. கால் ஓரளவு திரும்பி, கழிப்பறை வரை சுவரைப் பிடித்துக்கொண்டு போய்வந்தான். நாக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. இடது கை மட்டும் வரவில்லை. எடுத்து மடியில் வைத்தால் மடியிலேயே கிடந்தது, விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு.

அவளுக்கு அன்றிலிருந்து எதுவுமே உறைக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அழவில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே சாப்பிட்டாள். பக்கத்து ஸ்டூல்காரி கேலி செய்தால் சிரிப்பு வருவதில்லை, மேஸ்திரி கத்தினால் கோபமும் வருவதில்லை. "கல்லு மாதிரி இருக்கா, கூடப் பிறந்தவன் கிடக்கிறான்" என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள். அதுவும் காதில் விழத்தான் செய்தது. இருவருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. அந்த இரண்டாம் மாடி வீட்டில் இருந்தது அக்காவும் தம்பியும்தான். ஒருத்தனுக்குக் கை மரத்திருந்தது, இன்னொருத்திக்கு ஆளே மரத்திருந்தது.

வீட்டுக்கு வந்து கைப்பயிற்சி கொடுக்கும் அம்மா கறாரான ஆள். பந்தைக் கையில் வைத்து அமுக்கச் சொல்வாள், அவன் சுவரைப் பார்ப்பான். ஒரு நாள் அக்காவைச் சமையலறைக்குத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நான் வந்து இழுத்து விடறதால மட்டும் கை வராது. அவருக்கே ஆசைன்னு ஒண்ணு வந்து அந்தக் கையைத் தேடணும். இப்பவே விட்டுட்டா விரல் அப்படியே இறுகிடும். அப்புறம் வேனும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அவருக்கு என்னதான் பிடிக்கும்?"

அவள் டிவிக்குக் கீழே தூசி படிந்து கிடந்த கேம் பெட்டியைக் காட்டினாள். சவாரி இல்லாத நாளெல்லாம் அதன் முன்னால்தான் கிடப்பான். இப்போது அந்தச் சின்ன ரிமோட்டை இரண்டு கையாலும் பிடிக்க முடியாது என்று திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"பழைய கேம் கடையில நின்னுக்கிட்டு ஆடுவாங்களே, பெரிய குச்சி, பெரிய பொத்தான். அது மாதிரி வீட்டுக்கே கிடைக்குது. மடியில வச்சுக்கலாம். குச்சி இடது பக்கம்தான் இருக்கும். வாங்கிக் குடுத்துப் பாருங்க" என்றாள் பயிற்சி அம்மா.

சனிக்கிழமை மதியம் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடைக்குப் போனாள். கண்ணாடி போட்ட விற்பனையாளர், "பையனுக்கா மேடம்?" என்றார்.

"தம்பிக்கு."

"என்ன வயசு?"

"நாப்பத்தாறு."

நல்ல மனுஷன், சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். சில காற்றுப் போல லேசாக இருந்தன. குச்சியை ஆட்டினால் பெட்டியே கூட வந்தது. "இது வேணாம், மடியில நிக்காது" என்று ஒதுக்கினாள். ஒன்றில் குச்சியே இல்லை, எல்லாம் பொத்தான்கள். இப்போது விளையாடுகிறவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள் என்றார். அவளுக்கு அது வேலைக்குப் போன மாதிரி இருந்தது. கடைசியில் அடியில் ரப்பர் ஒட்டிய, கனமான ஒரு பெட்டி நின்றது. அதில் குச்சியின் தலையை மட்டும் திருகிக் கழற்றி மாற்றலாமாம். ஒரு தலை கோலிக்குண்டைப் பெரிதாக்கினாற்போல உருண்டை. இன்னொன்று பேரிக்காய் போல நீளம்.

"உருண்டையை விரல் இடுக்குல பிடிக்கணும். நீளத்தை அப்படியே கைக்குள்ள பொத்திப் பிடிக்கலாம். தம்பி எப்படிப் பிடிப்பார்?"

சொல்லியிருக்க வேண்டியதுதானே, விரல் சுருண்ட கை என்று? சொல்லவில்லை. அதற்குள் அவளுடைய இடது கை தானாகப் போய் உருண்டையின் மேல் உட்கார்ந்துவிட்டது. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் குச்சி, உள்ளங்கை மேலே. அந்த இடம் அதற்குத் தெரிந்திருந்தது. இரண்டு தடவை ஆட்டினாள். உள்ளே 'டக் டக்' என்று சுத்தமாகக் கேட்டது.

"இதையே குடுங்க" என்றாள்.

தம்பி பெட்டியைப் பார்த்தான். அவள் அதை அவன் மடியில் வைத்து, அவன் இடது கையைத் தூக்கி உருண்டையின் மேல் வைத்தாள். கை வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. அப்போது அவன் விழுந்ததிலிருந்து பேசாத அளவுக்கு நீளமாகப் பேசினான்.

"இது எனக்கா வாங்கினே? உன் கைக்கு வாங்கிருக்கே. குச்சி என்னைக்குடி என்னோடதா இருந்துச்சு?"

அவளுக்கு அப்போதுதான் சுரீர் என்றது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கேம் கடை. ஒரு காசு, இரண்டு பேர். மற்ற பிள்ளைகள் முறை வைத்துச் சண்டை போடுவார்கள். இவர்கள் ஒரே ஆட்டத்தை இருவராக ஆடினார்கள். எழுதினால், சாப்பிட்டால், யாருக்காவது எதையாவது நீட்டினால் அவள் இடது கைக்குத் திட்டுதான். அந்த மெஷினில்தான் இடது கைக்கு முதல் மரியாதை. அதனால் குச்சி அவளுக்கு, பொத்தான் அவனுக்கு. தம்பி ஒரு நாளும் குச்சியைத் தொட்டதில்லை. ஊரில் எவனுக்கு வாங்கினாலும் பலித்திருக்கும், இவனுக்குப் போய் வாங்கினாளே என்று தன்னையே நொந்துகொள்ளக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

அவன் பெட்டியை வலது கையால் அவள் பக்கம் தள்ளினான். "உக்காரு" என்றான்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் ஆட்டம். சோபாவில் ஒட்டி உட்கார்ந்து, இருவர் தொடைமேலும் பெட்டியைக் கிடத்தி, அவள் குச்சி, அவன் பொத்தான். நன்றாகத்தான் ஆடினார்கள். அவன் ஒன்றிரண்டு தடவை சிரித்தான்கூட. இடது கை அவனுக்கும் அவளுக்கும் நடுவில், சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து வாய் திறக்காமல் இருக்கிற விருந்தாளி போலக் கிடந்தது. பயிற்சி அம்மா வந்து விரல்களை விரித்துப் பார்த்துவிட்டு, "பிடிச்சதைத்தான் செய்யறீங்க. ஆனா கை செய்யலையே" என்றாள். அதைக் கேட்டும் அவளுக்கு உள்ளே எதுவும் அசையவில்லை.

பிறகு ஒரு நாள் பெல்ட் பழுதாகி, சரிசெய்து, மிச்சத்தை முடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். தாமதமாகப் படியேறினாள். முதல் மாடி தாண்டியதும் ஆட்டத்தின் பாட்டுச் சத்தம் கேட்டது. பொத்தான்களின் டக் டக். அதற்கு நடுவே இன்னொரு டக், மெதுவாக, தயங்கித் தயங்கி. நாள் முழுக்கச் சத்தத்தைப் பிரிக்கிற காது. பொத்தான் சத்தம் வேறு, குச்சி சத்தம் வேறு.

வீட்டு ஜன்னல் கதவு ஒருக்களித்திருந்தது, எட்டிப் பார்த்தாள். அக்காவுக்காகக் காத்திருந்து தம்பிக்குப் பொறுமை போய்விட்டது போலிருக்கிறது. இடது கையை வலது கையால் தூக்கி உருண்டையின் மேல் வைத்தான். கொஞ்சம் தள்ளினான். கை வழுக்கியது. ஆட்டம் முடிந்தது. ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி வைத்தான்.

உள்ளே போனால் குச்சியை அவளிடம் தள்ளிவிடுவான். அவள் சத்தமில்லாமல் நாலைந்து படி இறங்கி உட்கார்ந்தாள். மடியில் பை. எதிர் வீட்டுக்காரி குப்பைக் கூடையோடு வந்து, "சாவி தொலைஞ்சுபோச்சா அக்கா?" என்றாள். "கால் வலி" என்று சொல்லி வைத்தாள்.

மறுநாளும் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும். "வேலை ஜாஸ்தி" என்று தம்பியிடம் பொய். ஒரு நாளில் அவளுக்கென்று இருந்த ஒரே நல்ல நேரம் அந்த ஆட்டம்தான், அதையும் படியில் விட்டாள். அது பெரிய தியாகம் என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. சிமெண்டுப் படி குளிர்ந்தது, இடுப்பு கடுத்தது, அவ்வளவுதான்.

உருண்டைதான் தொல்லை, வழுக்கிக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை கடைக்குப் போய் நீளத் தலையைக் கேட்டாள். "நான் அன்னிக்கே கேட்டேனே மேடம்" என்றார் கண்ணாடிக்காரர். ஞாயிற்றுக்கிழமை தம்பி குளிக்கப் போன நேரத்தில் உருண்டையைத் திருகிக் கழற்றிவிட்டு நீளத்தை மாட்டினாள். அவன் வந்து பார்த்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான், ஆனாலும் அவன் வழக்கம்போலப் பொத்தான் பக்கம் போய் உட்கார்ந்தான். அவளும் எப்போதும் அப்படியேதான் இருந்தது போல அந்தப் பேரிக்காயைப் பிடித்து ஆடினாள், கேவலமாக ஆடினாள்.

படியில் கேட்ட சத்தம் அந்த வாரத்தில் மாறியது. டக், இடைவெளி, டக் என்று இருந்தது டக் டக் என்று நெருங்கியது. ஒரு சாயங்காலம் அவள் அதைக் கேட்டபடி முழங்காலில் தலை வைத்திருந்தபோது சத்தம் நின்றது.

"எவ்வளவு நேரம் படியிலயே உக்காந்திருப்பே? உள்ள வா."

அவள் எழுந்து போய்க் கதவுக்குள் நின்றாள். "எப்படிடா தெரியும்?"

"கைதான் ஒண்ணு போச்சு, காது ரெண்டும் நல்லாத்தான் கேக்குது. தினம் நீ ஏறி வர்ற சத்தம் பாதியில நின்னுடுது. குச்சித் தலையை வேற மாத்தி வச்சிருக்கே. நான் என்ன மாங்கா மடையனா?"

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வழக்கம்போல அவனுக்கு இடது பக்கம் போனாள். அவன் தலையை ஆட்டினான். மோவாயால் வலது பக்கத்தைக் காட்டினான். அவன் இடது கை குச்சியைப் பொத்திப் பிடித்திருந்தது. நடுங்கியது, ஆனால் விடவில்லை.

"குச்சி என்கிட்ட இருக்கட்டும். நீ பொத்தானைப் பாத்துக்க."

அவள் வாழ்நாளில் அந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை. வலது கையைப் பொத்தான்கள் மேல் வைத்தாள். ஆட்டம் தொடங்கியது. எதிரி வந்தான், குதிக்க வேண்டிய இடத்தில் அடித்தாள், அடிக்க வேண்டிய இடத்தில் குதித்தாள். கண் மூடித் திறப்பதற்குள் கதை முடிந்தது.

"நாள் பூரா அழுத்துறதுதானே உன் வேலை? ஒரு பொத்தானை நேரத்துக்கு அழுத்தத் தெரியல. உன்னாலதான் செத்தோம்" என்றான்.

அவளுக்குக் கோபம் வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி காது மடல் வரை சுட்டது. எத்தனை நாளாயிற்று!

"நீ கொண்டுபோய்ப் பள்ளத்துல விட்டுட்டு என்னைச் சொல்றியா? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? குச்சி பிடிக்கத் தெரியாதவன்லாம் பேச வந்துட்டான்! நான் பிடிச்ச காலத்துல ஒரு தடவையாவது பள்ளத்துல விழுந்திருக்கோமா?"

கத்திய கத்தில் எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அவள் இன்னும் கத்த வாயெடுத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர்தான் வந்தது. மூக்கும் சேர்ந்து ஒழுகியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்திருக்க வேண்டியது, பாக்கியில்லாமல் மொத்தமாக வந்தது. அவள் முந்தானையைத் தேடினாள்.

தம்பி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நழுவத் தொடங்கிய இடது கையை அவனே இழுத்துக் குச்சியின் மேல் சரியாக வைத்துக்கொண்டான். வலது கை உதவிக்கு வரவில்லை.

"அழுதுக்கோ. அழ வேணாம்னு சொல்லல" என்றான். "கையை மட்டும் பொத்தான்லேருந்து எடுக்காதே, அடுத்தவன் வர்றான்."