வாடை வண்டி

பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, தெருவுக்கு அவள் மூக்கம்மா. நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் வேறு மாதிரி கூப்பிட்டவர்களும் இல்லை.

பால் திரியப்போகிறது என்பது பாலுக்கே தெரியும் முன் அவளுக்குத் தெரிந்துவிடும். மாடிப்படி ஏறி வருகிறவர் ஈரக் காலுறையோடு வருகிறாரா என்பதைக் கதவைத் திறக்காமலே சொல்லிவிடுவாள். இளவயதில் ஒரு தங்கும் விடுதியில் அறை துப்புரவு வேலை பார்த்தாள். சலவைக்குப் போய்த் திரும்பி வந்த தலையணை உறையிலேயே முந்தின ஆளின் வியர்வை அப்படியே இருக்கிறது என்று மேலாளரிடம் நீட்டினாள். அவர் மோந்து பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார். "உங்களுக்குத் தெரியாது சார். படுக்கறவனுக்குத் தெரியும். என்கிட்ட குடுங்க, நான் துவைச்சுக் காட்டறேன்" என்றாள்.

அப்படித்தான் அவளுடைய சலவைக்கூடம் ஆரம்பமானது. தகரக் கூரைக்குக் கீழே இரண்டு பெரிய சலவை இயந்திரங்கள், மொட்டைமாடி முழுக்கக் கொடிக்கயிறு, சன்னலோரம் நீளமான இஸ்திரி மேசை. விடுதிகளின் விரிப்புகள், முடிவெட்டும் கடையின் துண்டுகள், பிரசவ மருத்துவமனையின் தலையணை உறைகள் எல்லாம் அவளிடம் வந்தன. ஊரார் அழுக்கைக் கண்டால் அவளுக்குக் குமட்டும். அந்தக் குமட்டல் அடங்கும்வரை துவைப்பாள். தொழில் நிலைத்ததற்கு அதுதான் காரணம்.

துணிகளைக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கிவருவது கணவர் பொறுப்பு. அவரைத் தெருவில் இன்ஜினியர் என்பார்கள். இன்ஜினியருக்குப் படித்ததால் அல்ல. இரும்புக் கடையில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தவர். எந்த வீட்டில் எது பழுதானாலும் திருப்புளியும் கையுமாகப் போய் நின்று, அது மறுபடி ஓடவே ஓடாதபடி செய்துவிட்டு வருவார் என்பதால் வந்த பட்டம். அவர் அதை மெய்யான பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

பழைய சின்னப் பிக்கப் ஒன்றைத் துணிக்காக வாங்கினார்கள். கொஞ்ச காலம் ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு மந்தம் பிடித்தது. இன்ஜின் உறுமுகிற உறுமலுக்கு ஊரே விலகி வழிவிடும்; வண்டி மட்டும் நகராது. மேம்பாலத்தில் ஏறினால், காய்கறி மூட்டையோடு சைக்கிள் மிதிக்கிறவர் பக்கத்தில் வந்து, உள்ளே யாருக்காவது உடம்பு சரியில்லையா என்பதுபோலப் பார்த்துவிட்டுக் கடந்துபோவார். டீசலோ, ஊற்ற ஊற்றப் போய்க்கொண்டே இருந்தது.

"வண்டியில ஏதோ கருகற வாடை வருதுங்க" என்று அவள் அப்போதே சொன்னாள்.

"உனக்கு எதுலதான் வாடை வரலை?" என்றார் இன்ஜினியர். "இதெல்லாம் எரிபொருள் பிரச்சனை. நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்டார். டீசல் குழாயைச் சுற்றிக் காந்தம் கட்டினார். யாரோ விற்ற பொடியை வாங்கித் தொட்டியில் கொட்டினார். எடை குறையட்டும் என்று மாற்றுச் சக்கரத்தைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் தள்ளினார். ரப்பர் வாடையில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் "இனிமே பாரு" என்றார். அவளும் பார்த்தாள். மேம்பாலத்தில் சைக்கிள்காரர் இப்போது தலையைக்கூடத் திருப்புவதில்லை.

பிறகு ஒரு மாதம், டீசல் போடவேண்டும் என்று அவர் கேட்பதே குறைந்துபோனது. முகத்தில் ஒரு வெற்றிக்களை. "எப்படி?" என்று அவள் கேட்டதற்கு, "மூளை" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார். சலவை இயந்திரம் ஒன்று மக்கர் பண்ணிக்கொண்டிருந்த நேரம் அது. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்த மாதமே பிரசவ மருத்துவமனையிலிருந்து ஒரு மூட்டை திரும்பி வந்தது. தலைமை நர்ஸ் போனில் பேசினார்.

"என்னம்மா இது, உறையெல்லாம் எண்ணெய்ச்சட்டி வாடை அடிக்குது? புள்ளை பெத்தவங்க தலை வைக்கற துணிம்மா. ஒருத்தி வாந்தியே எடுத்துட்டா."

அவளுக்குக் காது மடல் சூடானது. மூட்டையைப் பிரித்து முகத்தருகே கொண்டுபோனாள். உண்மைதான். பல தடவை பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயின் வாடை, துணியின் மடிப்புக்குள் உட்கார்ந்திருந்தது. தன் கூடத்திலிருந்து போன துணியில்! சோப்பை மாற்றினாள். இயந்திரத்தின் உருளையைக் கழற்றித் தேய்த்தாள். எல்லாவற்றையும் மறுபடி துவைத்து, கொடியிலிருந்து எடுக்கும்போது ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாள். சுத்தமாக இருந்தன. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்ததும் திரும்பவும் அதே புகார்.

கொடிக்கும் மருத்துவமனைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று யோசித்தாள். இஸ்திரி மேசை இருந்தது. மேசையில் நின்றவள், கூடம் ஆரம்பித்த நாளிலிருந்து கூடவே இருந்த பெண். ஒல்லியான உடம்பு, அதிகம் பேசமாட்டாள், விரிப்பை அவள் மடித்தால் மூலைக்கு மூலை பிசகாது.

"மத்தியானம் என்ன சாப்பிட்டே?"

"வீட்லேருந்து கொண்டுவந்ததுதான்க்கா. கொஞ்சம் பொரிச்சு எடுத்துட்டு வந்தேன்."

"கையைக் காட்டு."

அந்தப் பெண் புரியாமல் கையை நீட்டினாள். மூக்கம்மா அதைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையை மோந்தாள். விரல்விரலாக மோந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்த மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"சோப்புப் போட்டுத்தான்க்கா கழுவினேன்."

"கழுவின லட்சணம்தான் ஊரெல்லாம் நாறுதே!"

மறுநாள் அந்தப் பெண் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டதாக ஆள்மூலம் சொல்லி அனுப்பினாள். போனால் போகட்டும் என்று மூக்கம்மா தானே இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தாள். அவள் கையாலேயே தேய்த்து அடுக்கிய துணி போனது. அதுவும் நாறுகிறது என்று திரும்பி வந்தது.

அன்றைக்குத்தான் அவள் வண்டியின் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில், துணி மூட்டைகளோடு ஏறி உட்கார்ந்தாள். "முன்னாடி வாயேன்" என்றார் இன்ஜினியர். "நீங்க ஓட்டுங்க" என்றாள்.

தெருமுனை திரும்பும் வரை ஒன்றுமில்லை. மேம்பாலம் ஏறத் தொடங்கியதும் வண்டி முக்கியது, முனகியது, குசுவிட்டது. பின்பக்கம் கிளம்பிய புகை போகிற இடத்துக்குப் போகாமல், தார்ப்பாயின் கிழிசல் வழியாகச் சுருண்டு உள்ளே வந்தது. வெறும் டீசல் புகை அல்ல. ஆயிரம் பலகாரம் பொரித்த சட்டியைத் தலையில் கவிழ்த்ததுபோல் இருந்தது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வெள்ளைவெளேரென்று மடித்து அடுக்கியிருந்த உறைகளைப் பார்த்தாள். புகை அவற்றின்மேல் சாவகாசமாகப் படிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கொல்லைக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சாக்கு போட்டு மூடிய இடத்தில், கறுப்புத் திரவம் நிரம்பிய கேன்கள் வரிசையாக நின்றன. பக்கத்தில் ஒரு வாளி. அதன் வாயில் துணி கட்டியிருந்தது. துணியின்மேல் கருகிய மாவுத் துணுக்குகளும், செத்த ஈக்களும், இன்னதென்று தெரியாத ஒரு வழவழப்பும்.

பின்னாலேயே இன்ஜினியர் வந்து நின்றார்.

"என்னங்க இது?"

"பதறாதே. பலகாரக் கடைக்காரன் வீணா சாக்கடையில ஊத்தற எண்ணெய். வடிகட்டி டீசலோட கலக்கறேன். வண்டி ஓடுதா இல்லையா, நீயே சொல்லு."

அவள் அவரைப் பார்க்கவில்லை. வாளியில் கட்டிய துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் ஓரத்தில் நீல நூலில் தைத்த அடையாளம் இருந்தது.

"இது யாரோட உறை?"

"பழசுதானே..."

"யாரோட உறைன்னு கேக்கறேன்."

"ஆஸ்பத்திரியோடதுதான்." குரல் கொஞ்சம் இறங்கியது. "நெருக்கமான நெசவு. வடிகட்ட இவ்வளவு நல்ல துணி வேற கிடைக்கலை."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, அவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். தம்ளரைப் பிடித்திருந்த விரல்களில் அந்த எண்ணெய் பளபளத்தது. இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், இந்த மனுஷனைத் தொட்டால் கை கழுவவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

"வண்டியை எடுங்க. மெக்கானிக்கிட்ட போலாம்."

"எதுக்கு? நல்லாத்தானே..."

"எடுங்கன்னா எடுங்க!"

மழை பெய்து ஊர் குளிர்ந்திருந்தது. மேம்பாலத்தின் பாதியில் வண்டி இரண்டு தடவை விக்கிவிட்டு நின்றுவிட்டது. பின்னால் ஹாரன்கள் அலறின. இன்ஜினியர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பஸ் ஓட்டுநர் தலையை நீட்டி, அவர் பிறப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். கடைசியில் மெக்கானிக்கே ஒரு வண்டியோடு வந்து கயிறு கட்டி இழுத்துப்போனார்.

பட்டறையில் டீசல் வடிகட்டியைக் கழற்றிய மெக்கானிக், அதைச் சற்றுத் தள்ளியே பிடித்துக்கொண்டார். உள்ளே வெண்ணெய்போல் உறைந்த ஒன்று அப்பிக் கிடந்தது.

"என்ன அண்ணே, வண்டிக்கு விருந்து வெச்சீங்களா?"

இன்ஜினியர் கூரையைப் பார்த்தார்.

மெக்கானிக் தொட்டியைக் காலி செய்து கழுவி, வடிகட்டியை மாற்றி, தானே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். முகம் தெளியவில்லை. அடுத்து இன்ஜினியரை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போனார். இறங்கியதும் மூக்கம்மாவிடம் வந்தார்.

"அக்கா, எண்ணெய் கதை இப்ப வந்தது. ஆதி வியாதி அது இல்லை. அண்ணன் இடது காலை எடுத்து கிளட்ச் மேலேயே வெச்சிருக்காரு. கியர் மாத்தும்போது மட்டும் இல்லை, எப்பவுமே. கால் வைக்கற பலகை மாதிரி. கிளட்ச் தேய்ஞ்சு வழுக்குது. இன்ஜின் எவ்வளவு சுத்தினாலும் பாதிதான் சக்கரத்துக்குப் போகுது. மீதி கருகிப் புகையாப் போகுது. டீசல் குடிக்காம என்ன செய்யும்?"

"கருகற வாடை" என்றாள் அவள்.

"ஆமா. அடிச்சிருக்கணுமே, ரொம்ப நாளா."

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். காந்தம், பொடி, கட்டிலுக்கடியில் சக்கரம், கேன், வாளி, ஆஸ்பத்திரி உறை. எல்லாம் ஒரு காலை எடுத்துத் தரையில் வைக்காததால் வந்த வினை. திட்ட வாயெடுத்தாள். வாய்க்குள் ஊறிய எச்சிலே கசந்தது. துப்பிவிட்டு, புதுக் கிளட்ச் போடச் சொன்னாள்.

மருத்துவமனைக்கு அவளே போனாள். "சோப்பு மோசம்னு சொல்லிடு, முடிஞ்சுது" என்று இன்ஜினியர் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். வாளியையும் விடவில்லை. புது உறைகளை மேசைமேல் வைத்தாள். தலைமை நர்ஸ் கேட்டுக்கொண்டே வந்தவர், வாளி வந்த இடத்தில் நாற்காலியை லேசாகப் பின்னால் தள்ளினார். மேலுதடு சுருங்கி மேலேறியது. புது உறைகளைக்கூட விரல் நுனியால்தான் நகர்த்தினார். வாழ்நாள் முழுக்க அவள் மற்றவர்களுக்குக் காட்டிய முகம் அது. எதிரே உட்கார்ந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பது அதுவரை அவளுக்குத் தெரியாது.

"உண்மையைச் சொன்னதுக்கு நன்றிம்மா" என்றார் நர்ஸ். "ஆனா இனிமே உங்களுக்குத் தரமுடியாது."

விடுதிகள் கையைவிட்டுப் போகவில்லை. இன்ஜினியரை வண்டியிலிருந்து இறக்கி, கொடியில் துணி உலர்த்தும் வேலையில் போட்டாள். கிளிப்பை இன்னும் பலமாகக் கடிக்கவைக்க ஒரு வழி இருக்கிறது என்று அவர் ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் கிளிப்பைக் கீழே வைத்துவிட்டார். வண்டி ஓட்ட அவளே பழகிக்கொண்டாள். ஆரம்பத்தில் அவள் காலும் தானாகப் போய்க் கிளட்ச் மேல் உட்கார்ந்தது. ஏதோ புழுவைப் பார்ப்பதுபோலத் தன் காலைப் பார்த்து, எடுத்துத் தரையில் வைத்தாள்.

அந்த இஸ்திரிப் பெண் ஒரு தையல்கடையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு பகல்பொழுதில் வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள். அந்தப் பெண் வெளியே வந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"தப்பு என்மேலதான்மா. வண்டிப் புகைதான் காரணம். உன்னைச் சொல்லிட்டேன். திரும்பி வந்துடு."

"புகைன்னு கேள்விப்பட்டேன்க்கா. எல்லாரும் சொன்னாங்க."

"அப்புறம் என்ன? சம்பளம்கூட..."

"சம்பளம் இல்லைக்கா." அவள் தன் கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஈரம் ஒன்றும் இல்லை, சும்மா துடைத்தாள். "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் என் கையை மோந்து பாத்தீங்களே. இப்ப ஒவ்வொரு வேளையும், சாப்பிட்டுக் கழுவினப்புறம், நானே மோந்து பாக்கறேன். என் புள்ளை கேக்கறா, ஏம்மா கையை மோந்துக்கிட்டே இருக்கேன்னு."

உள்ளேயிருந்து தையல்காரர் கூப்பிட்டார். அந்தப் பெண் "வரேன்க்கா" என்று உள்ளே போனாள். சொன்னதில் மரியாதைக்குக் குறைவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

வண்டி பாதையை மறித்து நின்றதால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவள் ஏறி உட்கார்ந்து கிளப்பினாள். மேம்பாலத்தில் வண்டி சும்மா ஜம்மென்று ஏறியது. சைக்கிள்காரரை முந்திக்கொண்டும் போனது. தன்னையே தனக்குப் பிடிக்காத ஒருத்தி உள்ளே உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போகிறாள் என்று வெளியே பார்த்த யாருக்கும் தெரிந்திருக்காது.