தொடாமலே தெரிந்த கால்

ஊசியக்காவுக்கு அந்தப் பெயர் ஊசி போடுவதால் வந்ததல்ல. குழந்தை வீறிட்டாலும் பெரியவர் மயங்கி விழுந்தாலும் அவள் முகம் ஊசி மாதிரி நேராகவே நிற்கும். டயர் கடைக்கு மேல்மாடியில், அகதிகளுக்கான இலவச மருத்துவ நிலையத்தில் நர்ஸ். அங்கிருக்கும் அதே பெஞ்சில் ஒரு காலத்தில் அகதியாக உட்கார்ந்திருந்தவள்தான். "தூக்கம் வருதா?" என்று அன்று கேட்டார்கள். "நல்லா வருது" என்றாள். உண்மையில் தூக்கம் வந்து பல வருடமாகியிருந்தது.

அன்று வாட்ச்மேன் ஒருவர் மனைவியோடு வந்தார். சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது. ஊசியக்கா அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க நைலான் இழையால் தொட்டாள்.

"தெரியுதா அண்ணே?"

"தெரியுது தங்கச்சி."

"இப்ப?"

"பேஷாத் தெரியுது."

"வீட்ல தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் பதில் வராது. இங்க பாருங்க, சமத்துப் பிள்ளை!" என்றாள் மனைவி.

ஊசியக்கா இழையை மேசைமேல் வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"இப்ப?"

"தெரியுது."

மனைவியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அண்ணே, நான் தொடவே இல்லை."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "தெரியலைன்னு சொன்னா காலு போச்சுன்னு எழுதிடுவீங்க. வேலை போயிடும். வேலை இல்லாதவனை இந்த நாட்டுல எதுக்கு வெச்சிருப்பாங்க?"

ஊசியக்கா அவருடைய ஷூவைக் கவிழ்த்துத் தட்டினாள். திருகாணி ஒன்று விழுந்தது. அது குத்திய இடம் கட்டைவிரலுக்கடியில் சீழ் வைத்திருந்தது. மனிதர் அதன் மேல் நின்றுகொண்டுதான் ஊரான் கட்டிடத்தைக் காத்திருக்கிறார்.

"இங்க எழுதுறது எதுவும் வெளிய போகாது. பொய் சொன்னா விரல்தான் போகும். மறுபடி பார்ப்போம். தெரியுதா?"

இழை மறுபடி பாதத்தைத் தொட்டது. "இல்லை."

"இங்க?"

"இல்லை தங்கச்சி."

மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா புண்ணைச் சுத்தம் செய்தார். விரல் தப்பிக்கும், ஆனால் காலை ஊன்றக் கூடாது என்றார். உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுக்கும்படி முதலாளிக்கு எழுதியும் கொடுத்தார், புண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல். வாட்ச்மேன் மனைவியின் தோளைப் பிடித்து, ஒற்றை ஷூவோடு படி இறங்கினார்.

"நீ ஏம்மா வாடிப்போயிருக்கே? ராத்திரி தூங்கினியா?" என்றார் டாக்டரம்மா, கை கழுவியபடி.

"நல்லாத் தூங்கினேன் டாக்டரம்மா," என்றாள் ஊசியக்கா. திருகாணியைக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.