குருசுக்குப்பத்துக்கு ஒரு காலி டப்பா

காலை ஆறு மணிக்குச் சென்னையில் பேருந்து ஏறினேன். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர். மடியில் ஒரு காலி டப்பா. உள்ளே ஸ்பாஞ்சு, நடுவில் ஒரே ஒரு சி.டி.க்கு இடம்.

அந்த சி.டி. குருசுக்குப்பத்தில் சித்தி வீட்டில் இருந்தது. சித்தி மகன் கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தின் வீடியோ. இறந்துபோன அம்மாவின் குரல் அதில்தான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. எங்கள் வீட்டுப் பிரதியின் லேபிளை அண்ணன் உரித்தபோது வெள்ளிப்பூச்சும் கூடவே வந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்.

பயந்தவனுக்கு யோசனை சொல்ல எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். டப்பா விற்றவர் நிமிர்த்தி வைக்கச் சொன்னார். பக்கத்து இருக்கைக்காரர், "படுக்க வச்சாத்தான் சார் வளையாது" என்றார். துணியில் சுற்றச் சொன்னாள் மனைவி. துணிதான் கீறும் என்றான் அண்ணன்; அவன் பேசலாமா! புதுச்சேரியை ஒட்டிய பிள்ளைச்சாவடி தாண்டுவதற்குள் டப்பாவைப் பலமுறை நிமிர்த்திப் படுக்க வைத்துவிட்டேன். காலி டப்பாவை எதற்குப் புரட்டுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

ஒன்பதரைக்குப் பேருந்து நிலையம். ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். சித்தி காபி கொடுத்துவிட்டு சி.டி. உறையை நீட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை.

"சி.டி. எங்க சித்தி?"

"மாடியில கீதுடா. போன வாரம்தான் கட்டிவுட்டேன். காக்கா தொல்ல தாங்கல."

மாடியில் பாய் விரித்து நெத்திலி காயப் போட்டிருந்தாள். அதற்கு மேலே கொடிக்கயிற்றில் ஏழு சி.டி.க்கள் நூலில் தொங்கிச் சுற்றிக்கொண்டிருந்தன. எதிலும் எழுத்தில்லை. எது எங்களுடையது? ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

சித்தி அசரவில்லை. "நடு ஓட்டையிலதானே நூலு கட்டிக்கிறேன்? மேல ஒரு கீறல் காட்டு, பாக்கலாம்!"

ஓரத்தையும் ஓட்டையையும் தவிர எங்கும் கை படக்கூடாது என்று டப்பா விற்றவரும் சொல்லியிருந்தார். அப்படிப் பார்த்தால் சித்தி செய்தது சரிதான். ஆனால் வெயில்? திட்டுவதா, பாராட்டுவதா என்று தெரியாமல் நின்றேன்.

ஒன்றுக்கான டப்பாவில் ஏழு போகாது. அடுக்கினால் உரசும். கடைசியில் கொடிக்கயிற்றையே அவிழ்த்து, ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு, நானும் சித்தியும் இரண்டு தெரு தள்ளியிருந்த போட்டோ ஸ்டுடியோவுக்கு நடந்தோம். மீன் வாங்க வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

ஸ்டுடியோக்காரர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். சில ஓடவே இல்லை, சிலவற்றில் யார் யாரோ கல்யாணம். கடைசியில் போட்டதில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, பிரியாணிக் கரண்டியோடு அம்மா வந்தாள். கையால் முகத்தை மறைத்தாள்.

"என்னைய எதுக்குப்பா எடுக்கற? புள்ளையப் போயி எடு."

அதோடு நின்றுவிட்டது. "இவ்ளோதான் சார் வருது" என்று அதை என் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தார். சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு மற்ற ஆறையும் கயிற்றோடு சுருட்டிக்கொண்டு, "மீனுக்கு நேரமாச்சி" என்று கிளம்பினாள்.

மாலைப் பேருந்தில் டப்பா மடியில் இருந்தது, இப்போது சி.டி.யோடு. நிமிர்த்துவதா, படுக்க வைப்பதா என்பது இன்னும் தெரியவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். காதில் அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அம்மா தன்னை எடுக்க வேண்டாம் என்றுதான் சொன்னாள்.