மண் பிள்ளை பார்த்து நின்ற திசை

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில் எங்கள் வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எழுதத் தெரிந்தவர்கள் குடும்பத்தில் பலர் இருக்கிறார்கள். ஆனாலும் அக்காவின் முதுகில் அதிக தூரம் பயணம் செய்தவன் நான்தான் என்று சொல்லி, இந்த நினைவு மலருக்காகப் பேனாவை என்னிடம் தள்ளிவிட்டார்கள். அந்தத் தகுதியை நான் மறுப்பதற்கில்லை.

அக்கா பிறந்தது புதுக்கோட்டைக்கும் கந்தர்வக்கோட்டைக்கும் நடுவே, முந்திரிக்காடு சூழ்ந்த எங்கள் சிற்றூரில். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த 1948-இல் அக்காவுக்கு எட்டு வயது, எனக்கு இரண்டு. அந்த வருஷம் மன்னருக்கு ராஜ்ஜியம் போயிற்று. இளம்பிள்ளை வாதத்தில் எனக்கு வலது கால் போயிற்று. இரண்டையும் யாரும் திருப்பித் தரவில்லை. அக்காவை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அறுவடைக்கு உதவியாகக் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். அதற்குள் பள்ளிக்கூடத்தில் பெயரை எடுத்துவிட்டார்கள். பெயர் போன பிறகு மறுபடி சேர்க்க அப்பாவுக்கு மனமில்லை.

இரண்டு காலும் நன்றாக உள்ளவர்களே யோசித்து ஏறும் முந்திரி மரத்தில் நான் எட்டு வயதில் ஏறினேன். ஏறியதில் ஒரு குறையும் இல்லை. இறங்கியதில்தான் வேகம் கூடிவிட்டது. முறிந்தது நல்ல கால். எலும்பு கட்டுகிறவர் வந்து, முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார். ஒரு கால் சூம்பல், ஒரு கால் மூங்கில். நான் வீட்டின் மூலையில் ஒரு சாமானாகிவிட்டேன்.

வாத்தியார் வீட்டுக்கே வந்து, “பரீட்சைக்குள்ள வரலேன்னா பேரை எடுத்துருவேங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“எடுக்கட்டும்,” என்றார் அப்பா. “களத்துல கடலை காயிது. ஒக்காந்து காக்கா வெரட்டட்டும்.”

“காலு முடியாதவனுக்குத்தான்ப்பா படிப்பு வேணும். நான் தூக்கிட்டுப் போறேன்,” என்றார் அக்கா.

“சமைஞ்ச புள்ள, கழுத கனம் இருக்கிறவன முதுகுல ஏத்திக்கிட்டு ஊரு பாக்கப் போவியா? வாய மூடிக்கிட்டு இரு.”

அக்கா வாயை மூடிக்கொண்டார். தன் பெயர் போனது போல என் பெயரும் போகப்போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் தாயாரை ஆத்தா என்று அழைப்போம். எலும்பு கூடினால் மண்ணில் ஒரு பிள்ளை செய்து வைப்பதாக ஆத்தா அய்யனாருக்கு நேர்ந்திருந்தார். கட்டு அவிழ்த்து, பிள்ளை எழுந்து நடந்த பிறகே அந்தக் காணிக்கையைச் செலுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் புரவி எடுப்பு வந்துவிட்டது. ஊரார் நேர்ந்த மண் குதிரைகளை எல்லாம் சுமந்துபோய்க் கோயிலில் வைக்கும் திருவிழா அது. மண் உருவங்கள் செய்யும் வேளார் அதற்குத்தான் சூளை மூட்டுவார். விட்டால் அடுத்த வருஷம்தான். ஆத்தா அவசரப்பட்டுவிட்டார். முழங்கால் உயரத்தில் ஒரு மண் பிள்ளை, இரண்டு காலும் ஒரே தடிமனாக, குதிரைகளோடு போய் அய்யனார் முகம் பார்த்து நின்றது. அதன் கால்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமை.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேள்விப்பட்டு மார்பில் கை வைத்தார். “கட்டு அவுக்குறதுக்கு முன்னாடியே குடுத்துட்டியேடி. இனிமே இவனுக்கு வரவேண்டிய காலு அதுக்குல்ல வரும்.”

அடுத்த வாரம் விறகு பொறுக்கப் போன அதே பெரியம்மா வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

“ஒங்க மண்ணுப்புள்ள திரும்பி நிக்கிது. சாமியப் பாக்கல. பள்ளிக்கூடத்துப் பக்கம் பாத்து நிக்கிது.”

“மாடு இடிச்சிருக்கும்,” என்று அப்பா போய்த் திருப்பி வைத்துவிட்டு வந்தார். சில நாள் கழித்து அது குதிரை வரிசையை விட்டு வெளியே, பள்ளிக்கூடம் போகும் பாதை ஓரத்தில் நின்றது. அப்பா அதை எடுத்துவந்து பழைய இடத்தில் நிறுத்தி, சுற்றிலும் கல் அண்டை கொடுத்தார். பிறகு ஒரு சாயங்காலம் மழை கொட்டியது. காலையில் அப்பா போய்ப் பார்த்தபோது கற்கள் வைத்தபடியே இருந்தன. நடுவில் பிள்ளை இல்லை. அது கோயில் காட்டைத் தாண்டி, பள்ளிக்கூட மணி காதில் விழுகிற கண்மாய்க் கரையில் நின்றது. நனைந்த செம்மண்ணில் போக ஒரு தடமும் இல்லை, வர ஒரு தடமும் இல்லை.

வீட்டில் கிடந்த எனக்கு அன்று கட்டுக்குள் கால் சில்லிட்டுப் போயிருந்தது. மண்ணாகிக்கொண்டிருக்கிறதோ என்று கட்டைவிரலைக் கிள்ளிப் பார்த்தேன். வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் வலியை அனுபவித்ததில்லை.

அப்பா மழை ஈரத்தோடு வாசலில் நின்று அக்காவைக் கூப்பிட்டார். “இவனத் தூக்கிட்டுப் போத்தா. அது பள்ளிக்கூடம் போய்ச் சேர்றதுக்குள்ள இவன் போய் ஒக்காந்துறணும்.”

அன்று முதல் நான் உப்புமூட்டை. மூங்கில் கட்டிய கால் அக்காவின் இடுப்பைத் தாண்டி ஏர்க்கால் போல நீட்டிக்கொண்டிருக்கும். முந்திரிக்காட்டில் காற்றே இல்லாதபோதும் சருகு சலசலக்கும். கோயிலருகே மூக்குடைந்த குதிரைகள் முண்டக் கண்ணோடு எங்களையே பார்க்கும். அதற்கப்பால் கரைமேல் அந்தப் பிள்ளை. அதை எடுத்துவர யாருக்கும் துணிச்சல் இல்லாததால் அங்கேயே விட்டிருந்தார்கள்.

“அக்கா, அது என்னயே பாக்குது.”

“நீயும் பாரு. கழுத்த மட்டும் நெரிக்காத, எனக்கு மூச்சு முட்டுது.”

தாண்டிப் போன பிறகு திரும்பிப் பார்க்க அக்கா விடமாட்டார். அவரும் பார்க்கமாட்டார். நான் போகத் தொடங்கியபின் அது ஓர் அடிகூட நகரவில்லை. பரீட்சை எழுதினேன், பெயர் தப்பியது. கட்டு அவிழ்த்த பிறகு கம்பு ஊன்றி நடந்தேன். மழைக்காலங்களில் மட்டும், கால் வழுக்கும் என்று சொல்லி மறுபடி முதுகில் ஏறிக்கொள்வேன். காரணம் வழுக்கல் இல்லை, சோம்பல்.

அக்கா கட்டுமாவடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டார். அத்தானை இளவயதிலேயே இழந்து, கருவாட்டு வியாபாரம் செய்து இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றினார். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. யாரையும் பசியோடு அனுப்பியதுமில்லை. கடைசிக் காலத்தில் எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். போன வருஷம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவரைச் சுமக்க எனக்குக் கால் போதாது. வாய் மட்டும் இருந்தது. கட்டிலருகே உட்கார்ந்து ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன். அப்படி ஒரு மத்தியானம் கேட்டேன்.

“அக்கா, இப்பயாச்சும் சொல்லு. அந்த மண்ணுப்புள்ளய நகட்டி நகட்டி வச்சது நீதானே?”

அக்கா சிரித்தார். “மொதத் தடவ திருப்பி வச்சது நாந்தான்டா. அப்பா பயந்துக்கிட்டு ஒன்ன அனுப்புவாகன்னு.”

“மத்ததெல்லாம்?”

சிரிப்பு நின்றது. “மத்ததெல்லாம் நீயில்லயா?”

“நான் கட்டுப் போட்டுல்ல கெடந்தேன். எப்புடிக்கா?”

“நீ ஊந்து ஊந்து போயிருக்கேன்னு நெனச்சேன். படிப்பு மேல இவனுக்கு அம்புட்டு ஆசையான்னுதானடா அம்புட்டுத் தூரம் சொமந்தேன்.”

ஆத்தாவாக இருக்குமோ என்றேன். அந்தக் காட்டுப் பக்கம் ஆத்தா தனியாகப் போனதே இல்லை என்றார் அக்கா. நான் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அதற்கடுத்த வாரம் அக்கா போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் கம்பை ஊன்றிக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போனேன். மண் பிள்ளையின் உடல் எப்போதோ உடைந்து சிதறிவிட்டது. கரையில் பாதி புதைந்தபடி இரண்டு பாதங்கள் மட்டும் பல வருஷங்களாக மிஞ்சியிருந்தன. எப்போது போனாலும் அவை பள்ளிக்கூடத்தைப் பார்த்தே இருக்கும். அன்று அவை எங்கள் வீட்டைப் பார்த்து இருந்தன. பள்ளிக்கூடம் விட்டுவிட்டது போலிருக்கிறது.

அக்காவுக்கு வைத்தியம் பார்த்தவர்களுக்கும், கட்டிலருகே முறை வைத்து விழித்திருந்த மருமக்களுக்கும், தோள் கொடுத்துச் சுமந்தவர்களுக்கும், இன்று வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. அந்த மண் பிள்ளையை நகர்த்தி வைத்தவருக்கும் நன்றி. அவர் இந்த மலரைப் படித்தால் மகிழ்ச்சி. பள்ளிக்கூடம் வரை போய்ச் சேராததால் படிக்கத் தெரியாதவர் என்றால், வீட்டுக்கு வரட்டும். அக்கா சுமந்துபோய்ப் படிக்க வைத்தவன் நான் இருக்கிறேன்; வாசித்துக் காட்டுகிறேன்.