சருகுக்கு வந்த ஓடர்

1. யூலையில் வந்த பெட்டி

யூலை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், எலன் என்ற வெள்ளைக்காரப் பெண் ஒரு பெரிய பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி எங்கள் கடைக்குள் வந்தார். பெட்டிக்குள் செம்மஞ்சள், கடுகு, கபிலம், கடும் சிவப்பு என்று பருத்தித் துணிகள். இரண்டு துணிகளுக்கு நடுவில் வைத்துத் தைப்பதற்குப் பஞ்சு விரிப்பு. அதைத் தொழிலில் பற்றிங் என்போம். அடியில் மேப்பிள் இலைப் படங்கள்.

கடை என்றால் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் பின்பக்கத்து யூனிட். முதலாளி ராசன் அண்ணை. பிளொப்பி டிஸ்க்கில் டிசைனைப் போட்டால் தன்பாட்டில் தைக்கும் எம்பிராய்டரி மெஷின் ஒன்று வைத்திருந்தார். கல்யாண பிளவுஸ், பாடசாலை பட்ஜ், கோயில் திரைச்சீலை, இவைதான் எங்கள் வேலை. வசந்தி துணி வெட்டுவாள், ஓரம் அடிப்பாள். நான் தைத்து இறங்கும் துணிகளில் தொங்கும் நூல்களை வெட்டுகிறவள். நாள் முழுக்கச் சின்னக் கத்தரிக்கோலும் கையுமாக இருந்தாலும் என் கண் மெஷினில்தான். அதன்மேல் எனக்கிருந்த ஆசையை இன்று நினைத்தாலும் சிரிப்பு வரும். ஊசிகள் மாறி மாறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட மறந்துவிடுவேன்.

மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர் அந்தக் கிழமைதான் மொன்றியலுக்கு மாறிப் போயிருந்தார். எலன் நகரத்துக்கு வெளியே வீட்டு அலங்காரக் கடை வைத்திருந்தார். சாப்பாட்டு மேசையின் நடுவில் நீளத்துக்கு விரிக்கிற, பஞ்சு வைத்துத் தைத்த குவில்ற் விரிப்புகளும் சுவரில் தொங்கவிடும் சின்னக் குவில்ற்றுகளும் அவருக்கு வேண்டும். இலையுதிர்காலத்துக்கு விற்கிற சாமான், ஆகவே கோடையிலேயே தைத்தாக வேண்டும். முதலில் தைத்துக் காட்டும் சாம்பிள் பிடித்தால் அந்த சீசன் வேலை முழுவதும் எங்களுக்கு.

எலன் போனதும் ராசன் அண்ணை தலையைச் சொறிந்தார்.

"ஒக்ரோபர் வந்தால் சருகைக் கூட்டிப் பையில கட்டி ரோட்டில வைக்கிறதிலயே என்ர சனி ஞாயிறு போகுது. உந்த மனுசி அதைச் சாப்பாட்டு மேசையில விரிக்கப்போறாவாம்."

"விரிக்கட்டும் அண்ணை. சருகெண்டாலும் ஓடர் ஓடர்தானே" என்றாள் வசந்தி.

பிறகு அண்ணை என் பக்கம் திரும்பினார். "மலர், நீ ஓட்டிப்பார். சாம்பிள் சரிவந்தால் மெஷின் உனக்கு. சரிவராட்டில் நான் வேற ஆளைப் பிடிக்கிறன், நீ பழையபடி நூலை வெட்டு."

மெஷினுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

2. நுனி இடப்பக்கம்

தொழில் பழகும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். பஞ்சு வைத்த துணி, பிளவுஸ் துணி மாதிரி அல்ல. பிளவுஸுக்குப் போடும் நெருக்கத்தில் தைத்தால் துணி சுருங்கி அப்பளம் போலப் பொருமிவிடும். கழிவுத் துணிகளில் பொருமப் பொருமத் தைத்துத்தான் அதைப் படித்தேன். டென்சிற்றி என்கிற தையல் நெருக்கத்தைக் குறைத்தேன், ஸ்பீட்டைக் குறைத்தேன், மூன்று அடுக்கும் நகராமல் முதலில் சுற்றிவர நீளத் தையல் ஒன்று ஓடவிட்டேன். அதன்பிறகு துணி சொன்னபடி கேட்டது.

இலை பிறப்பதைப் பார்ப்பதே ஒரு சந்தோசம். முதலில் மெஷின் இலையின் கோட்டை மட்டும் தைக்கும். நிறத்துணியை அதன்மேல் வைத்தால் இரண்டாம் ஓட்டத்தில் பிடித்துக்கொள்ளும். மிஞ்சியதை ஒட்ட வெட்டிவிட்டால், மூன்றாம் ஓட்டம் நெருக்கத் தையலால் ஓரம் கட்டி, கடைசியில் நரம்பு போடும். முதல் சிவப்பு இலை முடிந்தபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து யூனிட்காரர் எட்டிப் பார்த்தார்.

இலைகளை எப்படி அடுக்குவது என்று எலன் சொல்லவில்லை. ராசன் அண்ணைக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

"சாப்பாட்டு மேசையெண்டால் இலையின்ர நுனி இடப்பக்கம் இருக்கோணும். உது கூடத் தெரியாதே?"

வாழை இலைக்குள்ள முறையை அவர் அப்படியே மேப்பிள் இலைக்கும் கொண்டுவந்துவிட்டார். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. வசந்திக்கு மட்டும் ஒரு கேள்வி.

"எதிர்ப்பக்கம் இருந்து சாப்பிடுறவைக்கு நுனி வலப்பக்கமாகுமே அண்ணை?"

அண்ணை மேசையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார். "அப்ப ரெண்டு வரிசையாப் போடுவம். அவையவைக்கு அவையவையின்ர இடப்பக்கம்."

அப்படியே தைத்தேன். இரண்டு வரிசை, அளந்து வைத்த இடைவெளி, ஒரு நூல் பிசகவில்லை. நான் அதைக் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் எனக்குத்தான் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

எலன் வந்தார். விரிப்பைத் தடவினார், தையலைத் திருப்பிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. பிறகு தள்ளி நின்று பார்த்தார். மலர்ந்த முகம் குழம்பியது. ஏதோ நெடுநேரம் ஆங்கிலத்தில் பேசினார். எனக்கு அப்போது பாதி விளங்காது. ராசன் அண்ணை மொழிபெயர்த்தார்.

"தையல் திறமாம். ஆனால் இலை விழேல்லையாம்."

"விழேல்லையெண்டால்?"

எலன் வெட்டுமேசையில் கிடந்த துணித்துண்டுகளைக் கைநிறைய அள்ளினார். மேலே தூக்கி, கையை விரித்தார். துண்டுகள் விரிப்பின்மேல் கண்டபடி விழுந்தன. ஒன்று வசந்தியின் தலையில் விழுந்தது. இப்படி வேண்டும் என்று கையால் காட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார்.

பெட்டியில் மிஞ்சியிருந்த துணி இன்னும் ஒரு சாம்பிளுக்குத்தான் காணும்.

3. கதிரையில் ஏறிய வசந்தி

கண்டபடி விழ வைப்பது எவ்வளவு கடினமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. மண்ணிறக் கடதாசியில் இலைகளை வெட்டி, மேல்பக்கத்தில் நரம்பும் கீறித் துணியில் பரப்பினேன். ஐந்து நிமிடத்தில் பார்த்தால் எல்லாம் வரிசையாக நின்றன. கை தன்பாட்டில் நேராக்கிவிடுகிறது. வசந்தி பரப்பினாள், அவளுடையது கோலம் மாதிரி வந்தது. அண்ணை பரப்பினார். நுனி எல்லாம் இடப்பக்கம்.

நான் மார்கழிப் பனியில் வந்து இறங்கியவள். இந்த நாட்டில் இலை விழுந்து கண்டதேயில்லை. அண்ணை பல ஒக்ரோபர் கண்டவர், ஆனால் அவர் கண்டதெல்லாம் பையில் அள்ளுகிற குப்பை.

"பரப்பினால்தானே நேராக்குறம்? போடுவம், பிறகு ஒருத்தரும் தொடக்கூடாது" என்றேன்.

வசந்தி கதிரையில் ஏறிக் கடதாசி இலைகளை ஒவ்வொன்றாக விட்டாள். அவை சுழன்று, மிதந்து, தங்களுக்குப் பிடித்த இடத்தில் போய்க் கிடந்தன. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. இன்னொன்று குப்புற விழுந்தது. ராசன் அண்ணையின் கை அதை நோக்கிப் போக, "தொடாதேங்கோ அண்ணை" என்று நாங்கள் இருவரும் ஒன்றாகச் சத்தம் போட்டோம். முதலாளியை அப்படி அதட்டியது அதுதான் முதல்தடவை. அவர் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

கிடந்தது கிடந்தபடி சோக்குக் கட்டியால் சுற்றிக் கோடு போட்டேன். எங்கள் மெஷினின் பனலில் டிசைனை நேராகவோ குறுக்காகவோதான் திருப்பலாம். சரிவாக வேண்டுமென்றால் துணியை இறுக்கிப் பிடிக்கும் ஹூப் சட்டத்தில் துணியையே சரித்து மாட்ட வேண்டும். கோணலாக ஹூப் போடுவதுதான் எங்கள் கடையில் பெரிய குற்றம். அன்று ஒவ்வோர் இலைக்கும் ஒவ்வொரு கோணல் போட்டேன். குப்புற விழுந்த இலைக்குத் துணியின் பின்பக்கத்தை மேலே வைத்துத் தைத்தேன், நிறம் மங்கி அசல் இலையின் முதுகு போலவே வந்தது. எனக்குப் பயமெல்லாம் போய் உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

4. அரை இலை

ஓர் இலை மட்டும் விளிம்புக்கோட்டின்மேல் விழுந்திருந்தது, பாதி உள்ளே, பாதி வெளியே. அதை உள்ளே தள்ளச் சொன்னார் அண்ணை. நான் கேட்கவில்லை. கோட்டைத் தாண்டி முழு இலையையும் தைத்தேன். விரிப்பிலேயே வடிவான இலை அதுதான், கடும் சிவப்பு.

இனி விளிம்பை வெட்டி ஓரப்பட்டி அடிக்க வேண்டும். வசந்தி பெரிய கத்தரிக்கோலோடு வந்து அந்த இலைக்குக் கிட்ட நின்றுவிட்டாள்.

"என்னால ஏலாது மலர். இவ்வளவு பாடுபட்டுத் தைச்சதை ஆரும் நடுவால வெட்டுவினமே?"

"வெட்டினால் திருப்பி ஒட்டேலாது, பிள்ளை. வேற துணியும் இல்லை" என்றார் அண்ணை.

கத்தரிக்கோலை நான் வாங்கினேன். பிழையாகப் போனால் திரும்பவும் நூல் வெட்டப் போக வேண்டியதுதான் என்று தெரியும். கோட்டோடு வெட்டினேன். பாதி இலை கீழே விழுந்தது.

வெள்ளிக்கிழமை எலன் விரிப்பை நீளத்துக்கு விரித்தார். இம்முறை தள்ளி நின்று பார்த்தபோதும் முகம் மாறவில்லை. விரலால் ஒவ்வோர் இலையாகத் தொட்டுக்கொண்டு போனவர் விளிம்பில் நின்றார். மற்றப் பாதி எங்கே என்று கேட்டார். அது எனக்கு விளங்கியது. அண்ணை வாய் திறக்குமுன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நானே சொன்னேன்: மேசையிலிருந்து விழுந்துவிட்டது, நிலத்தில் கிடக்கிறது.

எலன் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து மேசைக்கு அடியில் தேடினார். நிமிர்ந்தபோது விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். எல்லா விரிப்பிலும் ஓர் அரை இலை கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராசன் அண்ணை என் மேசையில் கிடந்த சின்னக் கத்தரிக்கோலை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இனி உனக்கு நூல் வெட்ட ஒராளைப் பார்க்கோணும்."

ஒக்ரோபரில் பஸ் தரிப்பில் நின்றபோது முதன்முறையாக அசல் இலைகள் விழுவதைக் கண்டேன். எங்களுடையவை போலவேதான் விழுந்தன. அந்தப் பெருமையில் பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.

அந்த மாதமே அண்ணை எங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். மேசையில் எலன் வேண்டாமென்ற முதல் விரிப்பு விரித்திருந்தது. இந்தப் பக்கம் நானும் வசந்தியும், எதிரே அண்ணையும் அண்ணியும். எல்லோருக்கும் நுனி இடப்பக்கம். ஒரு நூல் பிசகாத அந்த வேலை, அந்த மேசையில் அவ்வளவு பொருத்தமாக இருந்தது. அன்றிலிருந்து, விரிப்புத் தைக்கத் தர வருகிற யாரிடமும் நான் முதலில் டிசைனைக் கேட்பதில்லை. உங்கள் மேசையில் யார் இருந்து சாப்பிடுவார்கள் என்றுதான் கேட்பேன்.