வெள்ளை எல்லாம் சேவல்

செக்கர் என்றால் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட்டை வாங்கிப் பார்ப்பதெல்லாம் ஒப்புக்குத்தான், முகத்தைப் பார்த்ததுமே ஆளை எடைபோட்டுவிடுவேன் என்பார். ஓய்வுக்குப் பிறகு எடைபோட ஆள் கிடைக்காமல் தவித்தார். அந்தத் தவிப்பு முழுவதும் மனைவியின் தலையில் விடிந்தது.

கோழி யோசனை மனைவியுடையது. தையல் மிஷினே கதி என்று கிடந்து அவளுக்குக் கண் மங்கிப்போயிருந்தது. முனையிலிருந்த பேக்கரிக்காரம்மா, "புதுக் கடை திறக்கறப்போ முட்டை மொத்தமும் உங்ககிட்டேயே வாங்கிக்கறேன்" என்று சொன்ன அன்றே மிஷினைத் துணி போட்டு மூடிவிட்டாள். வாழ்க்கையில் முதன்முறையாகத் தனக்கென்று ஒரு வியாபாரம். உடனே செக்கர் பெரிய மனது பண்ணி அதற்குத் தலைமை ஏற்றுக்கொண்டார்.

கோழி வாங்கத் தனியாகப் போன செக்கரிடம் பண்ணைக்காரர் ஒரு சிவப்புச் சேவலையும் சில வெள்ளைப் பெட்டைகளையும் கொடுத்தார். "பெட்டை தன் நிறத்தை மகனுக்கு மட்டும்தான் கொடுக்கும். மகளுக்கு அப்பன் நிறம்தான். மகனுக்கு ரெண்டும் வரும், ஆனா வெள்ளை சிவப்பை அமுக்கிடும். அதனால வெளுப்பாப் பொரிச்சா சேவல், சிவப்பாப் பொரிச்சா பெட்டை. ஆனா ஒண்ணு..."

அந்த ஒன்றைக் கேட்கச் செக்கர் அங்கே இல்லை. பார்த்ததுமே சொல்லிவிடலாம் என்பது காதில் விழுந்ததும் எழுந்துவிட்டார்.

முதல் முறை பொரித்தவை சொன்னபடியே வளர்ந்தன. சிவப்பெல்லாம் முட்டை போட்டன, வெளுப்பெல்லாம் கூவின. செக்கருக்குத் தலைகால் புரியவில்லை. கிழட்டுக் கோழிகளுக்கு ஏன் தண்டத் தீனி என்று பழையவற்றை எல்லாம் விற்றார். "அதுங்க இருக்கட்டுங்க" என்று மனைவி சொன்னது வழக்கம்போல் காற்றோடு போனது. வீட்டில் பிறந்த வெள்ளைச் சேவலையும் சிவப்புப் பெட்டைகளையும் சேர்த்து, பேக்கரிக்கான பெரிய கூட்டத்தைப் பொரிக்கவைத்தார்.

குஞ்சுகள் வந்ததும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, பழைய மிடுக்கோடு பிரித்தார். வெளுப்பெல்லாம் ஒரு கூடையில், மனைவியின் தம்பிக்கு. தம்பி லாரி மெக்கானிக், வாயில்லாப் பூச்சி.

"எல்லாம் சேவல், மாப்ளே. வளர்த்துச் சட்டியில போடு. உனக்கு இதுவே ஜாஸ்தி."

"சரி அத்தான்" என்று அவன் வாங்கிக்கொண்டு போனான்.

சில வாரங்களில், "என்னங்க, சிலதுக்குக் கொண்டை பெருசாகுதே?" என்றாள் மனைவி. "சத்தான தீனி" என்றார் செக்கர். பிறகு ஒன்று கூவியது. "ஏதோ ஒண்ணு தப்பிப் பொறந்திருக்கு" என்றார். மறுநாள் கொல்லையே கச்சேரி மேடையானது. சிவப்பில் பாதி சேவல்.

பேக்கரிக்காரம்மா புதுக் கடையைத் திறந்துவிட்டு, முட்டைக்கு ஆள் மேல் ஆள் அனுப்பினாள். கேட்டதில் பாதி முட்டைகூடத் தேறாததால் மனைவி முன்கதவைச் சாத்திவைத்தாள். பிறகு தானே பண்ணைக்காரரிடம் போய் நின்றாள்.

"அந்த வெள்ளைச் சேவலுக்குள்ள சிவப்பும் ஒளிஞ்சிருக்கும்மா. மகனோ மகளோ, எந்த நிறம் யாருக்குப் போகும்னு சொல்ல முடியாது. அதனாலதான் முதல் தலைமுறைக்கு மட்டும் கண்ணால பிரிக்கலாம். அன்னிக்கே சொல்ல வந்தேன். உங்க வீட்டுக்காரர் கேட்டைத் தாண்டிட்டாரு."

அவள் திரும்பியபோது தம்பி முற்றத்தில் நின்றிருந்தான். கையில் முட்டைக் கூடை.

"அறுக்க மனசு வரலக்கா. பாதி கூவுது, பாதி முட்டை போடுது. பெட்டையெல்லாம் கொண்டுவந்து விட்டுடறேன், நீ பேக்கரிக்குக் குடு."

செக்கர் தொண்டையைக் கனைத்தார். "பார்க்க அச்சு அசல் சேவல் மாதிரியேதான் இருந்துச்சு..."

மனைவிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வியாபாரம் பிழைத்துவிட்டது. ஆனால் அவர் சொன்னபடி தம்பி செய்திருந்தால் அத்தனையும் சட்டிக்குப் போயிருக்கும். கூடையை வாங்கிக்கொண்டு, தணிந்த குரலில்தான் கேட்டாள்.

"ஏங்க, பஸ்லயும் இப்படித்தான் மூஞ்சியைப் பார்த்து ஆளுங்களை இறக்கி விட்டீங்களா?"

செக்கர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள், கைப்பையை மடியில் கவிழ்த்து, "வாங்கினேன் சார், இங்கதான் வெச்சேன்" என்று தேடிக்கொண்டே நடுவழியில் இறங்கிய ஒரு பெண்ணின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது.