அப்பா ‘தெரியாது’ என்று எழுதிய இடங்கள்

அப்பா இறைவனிடம் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கிச் செல்லும் சொந்தபந்தங்கள், மடித்து வைப்பதற்கு முன் இந்தப் பக்கத்தையாவது படித்துவிடுங்கள். அவருடைய மகள் நான், மனக்கசப்போடுதான் எழுதுகிறேன்.

குன்னத்தூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்தவர் அப்பா. மழை ஏமாற்றிய ஒரு வருடம் திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தார். அம்மா சீக்கிரமே போய்விட, ஒற்றை ஆளாக என்னை வளர்த்தார். வேதாகமத்தில் பெயர் வருகிற இனங்கள் உண்மையில் யார் என்று கண்டுபிடிப்பதுதான் அவருக்கிருந்த ஒரே ஆசை. நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்து ஒரு நீள நோட்டில் குறித்துவந்தார். யாவான் என்றால் கிரேக்கர். ஏத்தியர் என்ற பெயரில் இன்றைய துருக்கியில் ஒரு பேரரசே இருந்தது. பெரிசியர் யாரென்று தெரியாது. அப்படித் தெரியாத இடங்களில், துணியில் பழுதைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, ‘தெரியாது’ என்றே எழுதுவார்.

“பெலிஸ்தருன்னா ராட்சசங்கன்னு நெனைக்காத கண்ணு. கடல் தாண்டிப் பொழைக்க வந்த சனம். போகப்போக வந்த எடத்துப் பாஷையே பேசிட்டாங்க” என்பார். எங்கள் காம்பவுண்டில் குடியிருக்கும் ஒடிசாக்காரர்களைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வார். கடைசியில் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ரத்தம் கொடுக்க வந்து நின்றவர்களும் அவர்கள்தான்.

முப்பதாம் நாள் ஜெபத்தில் சித்தப்பா ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தார். மேலே அப்பாவின் படம், கீழே ‘அன்னாரின் ஆராய்ச்சி’. ஜெராக்ஸ் எடுக்க என்று நோட்டை வாங்கிப்போனவர், அப்பா தெரியாது என்று எழுதிய இடங்களிலெல்லாம் தாமே விடை எழுதி அச்சடித்துவிட்டார். நாமெல்லாம் வேதாகமத்தில் ஆசீர்வாதம் பெற்ற சேமின் வம்சமாம். வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் கானானின் வம்சமாம், சாபத்தோடு பிறந்தவர்களாம், அடிமை வேலை அவர்களுக்கு விதித்ததாம். கானானியர் பேசிய மொழியும் சேமின் வம்சத்தார் பேசிய எபிரெயமும் அக்கா தங்கை என்று அதே நோட்டில் பக்கம் பக்கமாக எழுதியவர் அப்பா.

இது அப்பா எழுதியதல்லவே என்று கேட்டேன்.

“அண்ணன் பாதியில உட்டுட்டாரு. நாந்தான் முடிச்சு வெச்சேன் கண்ணு. எல்லாரும் பேசறதுதானே?” என்றார்.

சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் தலையாட்டியது அதைவிட அருவருப்பாக இருந்தது. இதைப் படிக்கிற உங்களில் சிலரும் அதில் உண்டு.

அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கி வந்தவர்களில் ஒருவரான, எங்கள் காம்பவுண்டு ஒடிசாக்காரர் பிகாஷும் ஒரு தாள் வாங்கியிருந்தார். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. “ஐயா பத்தி என்னா எழுதியிருக்குக்கா?” என்று கேட்டார். நல்லதாகத்தான் எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று முதல் சித்தப்பாவை நினைத்தாலும் அருவருப்பு, என்னை நினைத்தாலும் அருவருப்பு.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், சபையார், கம்பெனி நண்பர்கள் அனைவருக்கும் நன்றி. பிகாஷுக்கும் அவருடன் இருப்பவர்களுக்கும் நன்றி சொல்லும் தகுதி எனக்கில்லை. போன மாதம் அவர் ஊருக்குப் போய்த் திரும்பினார். ஐயா படம் இருக்கிறதென்று அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டு நடுச்சுவரில் மாட்டிவிட்டு வந்தாராம். இந்த மலர் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை அவருக்குப் படித்துக்காட்டி, அதைக் கழற்றச் சொல்ல வேண்டும்.